மீதமிருந்த இருபத்திரண்டு மணி நேரம்

வீட்டை மதிப்பிட வங்கி அனுப்பிய ஆள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதே காலுக்கே வந்து மணியடித்துவிட்டார். ரூஃபினா ஒரெயானா அப்போது பக்கத்துத் தெரு ரொட்டிக்கடைக்காரருக்கு இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். மேல்மாடிப் படியில் நின்று வீட்டுக்காரி நெல்வா கண்ணைக் காட்டினாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ரொட்டிக்காரரைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, ஊசிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ரூஃபினா முற்றத்துக்கு வந்து நின்றாள்.

வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். நாடாவை இழுத்து அளந்தார். தண்ணீர்த் தொட்டியைப் படம் எடுத்தார். பிறகு கீழ்வீட்டு வாசலில் நின்றார்.

"இங்க யார் இருக்காங்க?"

"என் சித்தி பொண்ணு. இத்தாலியில இருந்து வந்து எங்களோடதான் இருக்கா" என்றாள் நெல்வா.

"வாடகை?"

"சொந்தக்காரிகிட்ட எவனாவது வாடகை வாங்குவானா சார்?" என்று வீட்டுக்காரர் ஆபெல் சிரித்தார். பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவர் அவர். சிரித்தபோது சட்டைப்பையில் இருந்த சாக்கட்டி குலுங்கியது.

மதிப்பீட்டாளர் சிரிக்கவில்லை. ரூஃபினாவைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. வாடகைக்கா, ஒத்திக்கா?"

"ரெண்டும் இல்ல. அக்கா வீடு."

அவர் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து நிரப்பினார். குடும்பத்தில் ஒருத்தியாக, பணம் எதுவும் கொடுக்காமல் இங்கே வசிக்கிறேன், இந்த வீட்டின் மேல் எனக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது என்று அதில் இருந்தது. ரூஃபினா முழுவதையும் படித்தாள். ஆபெலின் மகன் லிம்பர், அப்போது அவனுக்கு இருபது வயது, மேல்மாடியிலிருந்து ஓடி வந்து பேனாவை நீட்டினான்.

"இந்தா சித்தி."

அதுவரை அவன் அவளைச் சித்தி என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தபடி கூப்பிட்டான். அப்புறம் அது நிற்கவே இல்லை.

கொச்சபம்பா நகரத்தின் தெற்குச் சரிவில் இருக்கும் அந்தக் கீழ்வீட்டுக்கு ரூஃபினா கொடுத்திருந்தது இருபதாயிரம் டாலர். ஒத்திக்குப் பிடித்த வீடு. மொத்தப் பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் வாடகை இல்லை; காலி செய்யும்போது அதே பணம் திரும்ப வரும். நோட்டரி முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்ட இரண்டு பக்க ஒப்பந்தம் அவளுடைய டிரங்குப் பெட்டியில் இருந்தது. பதிவு அலுவலகத்தில் அதை ஏற்றவில்லை. ஏற்றினால் பதிவுக்கு ஒரு தொகை, வீட்டுக்காரருக்கு வரி என்று செலவு. அந்த ஊரில் பாதி ஒத்தி அப்படித்தான் ஓடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேதியை மட்டும் மாற்றி எழுதிக்கொள்வார்கள். எழுதிய அன்றைக்கு இரு வீட்டாரும் சேர்ந்து ஒரு கோழி அடிப்பார்கள்.

அந்த இருபதாயிரம் பதினோரு வருடச் சம்பாத்தியம். முப்பது வயதில் ரூஃபினா இத்தாலிக்குப் போனாள். பெர்கமோ நகரத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒருவர் போனால் அடுத்தவர் என்று நான்கு பேர். அவர்கள் அறையிலேயே கட்டில் போட்டுப் படுத்தாள், இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து புரட்டிப் போட்டாள், ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். தன் அம்மா சொந்த ஊரான புனாத்தாவில் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது அவள் கையில் கரண்டி இருந்தது. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த இத்தாலியக் கிழவிக்கு மீதிச் சூப்பையும் ஊட்டி முடித்தாள். பிறகு வாயைத் துடைத்துவிட்டாள். அழுகை அப்புறம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. கல்யாணம் என்ற பேச்சும் அந்த வருடங்களிலேயே எங்கோ தங்கிவிட்டது.

திரும்பி வந்து ஆறு வருடம் ஆனபோது, மதிப்பீட்டாளர் வருவதற்குச் சில வாரம் முன்னால், ஆபெலும் நெல்வாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேர்க்கடலைச் சூப்பு ஒரு பெரிய கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்கள். கிண்ணத்தின் அளவைப் பார்த்ததுமே ஏதோ கேட்கப்போகிறார்கள் என்று ரூஃபினாவுக்குத் தெரிந்துவிட்டது.

"பையன் பைலட் ஆகணும்கிறான் ரூஃபினாம்மா" என்றார் ஆபெல்.

"ஆகட்டுமே. யார் வேண்டாம்னா?"

"ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் பொலிவியானோ வேண்டாம்கிறது."

நெல்வா அவர் முழங்கையில் இடித்தாள். "நேரா சொல்லுங்களேன். வங்கி தர்றேன்னுது ரூஃபி. வீட்டு மேல. இருநூறு மணி நேரம் பறந்தாத்தான் லைசென்ஸ். வகுப்பு, பரீட்சை எல்லாத்துக்கும் சேர்த்து வங்கியே பள்ளிக்கூடத்துக்குத் தவணை தவணையாக் கட்டிடும். படிச்சு முடிக்கற வரைக்கும் நாம வட்டி மட்டும் கட்டினாப் போதும். ஆனா வீடு வில்லங்கம் இல்லாம இருக்கணுமாம்."

"வில்லங்கம்னா நான்தானா?"

"சீச்சீ" என்றார் ஆபெல். "உன் பணம் பணமாத்தான் இருக்கும். ஒரு தாள்ல ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஒத்தி இருக்குன்னு தெரிஞ்சா அந்த இருபதாயிரத்தைக் கழிச்சுக்கிட்டுத்தான் கடன் தருவான். அப்ப பையனுக்குப் பாதி வானம்தான் கிடைக்கும்."

லிம்பர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எதையும் சிரிப்பாகச் சொல்கிற பிள்ளை. "பாதி லைசென்ஸ்னா ஏத்திக்கிட்டுப் போகலாம், இறக்க முடியாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரூஃபினாவும் சிரித்தாள்.

அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு ஞானத்தாய் வேண்டும். ஞானஸ்நானத்துக்கு, மோதிரத்துக்கு, கேக்குக்கு, இசைக்குழுவுக்குக்கூட. "சிறகுக்கு நீதான் ஞானத்தாய்" என்றாள் நெல்வா. பைலட் ஆகிற அன்றைக்குச் சட்டையில் குத்தும் சிறகுச் சின்னத்தை ரூஃபினாதான் வாங்கித் தர வேண்டும். ரூஃபினாவை அதுவரை எதற்கும் யாரும் ஞானத்தாயாகக் கூப்பிட்டதில்லை. சூப்புக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, வெறும் கிண்ணமாகத் தரக்கூடாது என்று அதில் நான்கு முட்டை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அதுதான் அவள் சம்மதம்.

கடன் ஆறு வாரத்தில் வந்தது. லிம்பர் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக விமான நிலையத்தின் ஓர் ஓரத்தில் இருந்த பறக்கும் பள்ளிக்குப் போகத் தொடங்கினான். உடல் தகுதிச் சோதனைக்கு முந்தின நாள் ரூஃபினாதான் ரத்த அழுத்தம் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் உப்புக்குடுவையை வைத்துவிட்டு "உப்பு கீழிறங்கியது, அனுமதி கேட்கிறேன்" என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதுபோலப் பேசுவான். மேகம் பார்த்துச் சொல்வான். துனாரி மலை மேல் காற்று எந்தப் பக்கம் என்று சொல்வான். மணி நேரத்தை மட்டும் ஒருபோதும் விளையாட்டாகச் சொல்ல மாட்டான். இன்றைக்கு ஒன்று புள்ளி மூன்று. இதுவரை பதினேழு புள்ளி ஒன்பது.

பத்தொன்பதாவது மணியில் அவனைத் தனியாகப் பறக்கவிட்டார்கள். ஒரு சுற்று போய் இறங்கினான். விமானத்தைவிட்டு வந்ததும் மற்ற மாணவர்கள் பிடித்து மண்ணில் மண்டியிட வைத்தார்கள். எஞ்சினில் இருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பயிற்சியாளர் தலையில் ஊற்றினார். அதன்மேல் மாவு. முதல் முட்டையை உடைக்க வேண்டியது ஞானத்தாய்.

"மெதுவா சித்தி! உள்ள மூளை இருக்கு."

"இருந்திருந்தா தரையில நடக்கறதுக்குன்னு ஏதாவது படிச்சிருப்பே" என்று சொல்லி ரூஃபினா உச்சந்தலையில் முட்டையைத் தட்டினாள். நெல்வா கத்திக்கொண்டே அழுதாள். ஆபெல் சோளத்தில் வடித்த கள் நிரம்பிய வாளியோடு ஒவ்வொருவராகப் பிடித்துக் குடிக்க வைத்தார். எண்ணெய் நாற்றம் ரூஃபினாவின் கையைவிட்டு இரண்டு நாள் போகவில்லை. ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் மூக்கைச் சுளித்தபோது, "பையன் பறந்துட்டான்" என்றாள். அந்த வாரமே கன்ச்சா சந்தையில் ஒரு தட்டானிடம் வெள்ளியில் சிறகு செய்யக் கொடுத்தாள். தங்க முலாம் தனி. பின்பக்கம் அவன் பெயரின் இரண்டு எழுத்து. நானூற்று இருபது பொலிவியானோ.

அடுத்த வருடம் நாட்டில் டாலர் காணாமல் போனது. வங்கியில் கேட்டால் இல்லை என்றார்கள். அஞ்சலகத்துக்கு எதிரே நாற்காலி போட்டு விற்பவர்களிடம் இருந்தது, ஆனால் ஏழு பொலிவியானோவுக்கு இருந்தது ஒன்பது, பத்து என்று ஏறியது. பறக்கும் பள்ளியின் விலைப்பலகையில் எப்போதும் டாலர்தான், மணிக்கு நூற்றைம்பது. வங்கிக் கடனோ பொலிவியானோவில். ஆயிரத்து ஐம்பதுக்கு வாங்கிய மணி நேரத்தைக் கடைசித் தவணையில் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கணக்கிட்டார்கள். அந்தத் தவணையோடு கடனாக வந்த பணம் முழுவதும் செலவாகிவிட்டது. லிம்பரின் பறந்த நேரம் எழுதும் ஏட்டில் நூற்று முப்பத்தொரு மணி நேரம். பள்ளியில் பணம் கட்டி இன்னும் பறக்காமல் இருப்பில் இருபத்திரண்டு. இரண்டையும் கூட்டினாலும் இருநூறுக்கு நாற்பத்தேழு குறைவு.

அந்த இருபத்திரண்டையாவது பறந்திருப்பான். விமானப் பெட்ரோல் வரவில்லை. மாதத்தில் ஒரு வாரம் பீப்பாய் வரும்; முன்னால் நின்றவர்களோடு தீர்ந்துவிடும். பள்ளியின் செஸ்னா விமானங்கள் கொட்டகையில் நின்றன. இதற்கிடையில் லிம்பரின் உடல் தகுதிச் சான்று காலாவதியானது. அதைப் புதுப்பிக்கவும் காசு வேண்டும்.

கடனின் அசல் தவணை தொடங்கியது. பேருந்துக்காரர்கள் டீசல் வரிசையில் இரண்டு நாள், மூன்று நாள் நின்றார்கள். இருக்கை உறை மாற்ற எவரும் வரவில்லை. லிம்பர் இன்னொருவருடைய ட்ரூஃபி வண்டியை, ஆள் ஏற்றிப்போகும் பகிர்வண்டியை, நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டத் தொடங்கினான். "தாழ்வாகப் பறக்கிறோம் பயணிகளே, பெல்ட்டைத் தேடாதீர்கள், இல்லை" என்று சொல்லி ஆள் ஏற்றுவான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போய் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வருவான். "என் இருபத்திரண்டு பத்திரமா இருக்கு" என்று சாப்பாட்டில் சொல்வான்.

ஒத்தி புதுப்பிக்க வேண்டிய தேதி வந்தபோது ரூஃபினா பணத்தைக் கேட்டாள். சக்காபா ஊர்ப் பக்கம் ஒரு சின்ன மனை விலைக்கு வந்திருந்தது.

"ஒரு வருஷம் பொறு ரூஃபி" என்றாள் நெல்வா.

"சரி" என்றாள் ரூஃபினா. அந்த முறை யாரும் கோழி அடிக்கவில்லை.

பொறுத்த வருடம் முடிவதற்குள் நீதிமன்ற ஆள் கதவில் தாளை ஒட்டிவிட்டுப் போனார். எட்டுத் தவணை பாக்கி; வீடு ஏலத்துக்கு. ரூஃபினா அதை இரண்டு முறை படித்தாள். அன்றைக்கு ஏழு பேருக்கு ஊசி இருந்தது. ஏழையும் முடித்தாள். மறுநாள் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

அங்கே ஓர் இளம்பெண் அதிகாரி. நல்ல பெண்தான். தண்ணீர் கொடுத்தாள். கோப்பைத் திறந்து ஒரு தாளைத் திருப்பிக் காட்டினாள்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா."

"பணம் எதுவும் கொடுக்கலை, பாத்தியதை இல்லைன்னு எழுதியிருக்கு. இப்ப இருபதாயிரம் கொடுத்திருக்கேங்கறீங்க."

"கொடுத்தது நிஜம்."

"அப்ப இது பொய்யா?"

ரூஃபினா தாளைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியின் ஈரம் பட்டு ஓர் ஓரம் சுருங்கியிருந்தது.

"பதிவு பண்ணியிருந்தா வங்கி உங்களைக் கேட்காம எதுவும் செஞ்சிருக்க முடியாதும்மா" என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பதிவும் இல்ல, இதுவும் இருக்கு. வழக்குப் போடறதுன்னா போடலாம். ஆனா முதல்ல வங்கிகிட்ட பொய் சொன்னேன்னு நீங்களே எழுதித் தரணும். யாராவது வக்கீலைப் பாருங்க."

நீதிமன்ற வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த வக்கீலைப் பார்த்தாள். அவர் ஒப்பந்தத்தையும் வங்கியில் வாங்கி வந்த தாளின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இது இதைத் தின்றுவிடும் என்று விரலால் காட்டிவிட்டு, ஆலோசனைக் கட்டணம் ஐம்பது என்றார்.

வீட்டுக்கு வந்தபோது நெல்வா கீழ்வாசலில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். "உன்னை நடுத்தெருவுல நிக்க வச்சுட்டனே ரூஃபி. என்னை நாலு அறை அறைஞ்சுடு. ஏதாவது சொல்லு. இப்படி நிக்காதே."

ரூஃபினா உள்ளே போய் ரத்த அழுத்தக் கருவியை எடுத்து வந்து நெல்வாவின் புஜத்தில் பட்டையைச் சுற்றினாள். பம்பை அழுத்தினாள். "நூத்தி எழுபது. உப்பைக் குறைங்க" என்றாள். தனக்குள் கையைவிட்டுத் தேடிப் பார்த்தாள். கோபம் எங்கேயாவது இருக்க வேண்டும். பெர்கமோவில் அம்மா செத்த மத்தியானம் போலத்தான் இருந்தது. வேலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

ஏலம் முடிந்தது. வீடு மதிப்பில் பாதிக்குக்கூடப் போகவில்லை. வங்கி தன் பாக்கியை எடுத்துக்கொண்டதில் மிச்சம் என்று ஒன்றும் வரவில்லை. காலி செய்ய முப்பது நாள். ஆபெல் கீழே இறங்கி வந்தார். கையில் கிண்ணம் இல்லை. நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"தையல் மெஷின் ரெண்டு இருக்கு தங்கச்சி. ஒண்ணு எடுத்துக்க. அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் எடுத்துக்க. மீதிக்கு நான் உசிரோட இருக்கற வரைக்கும்..."

"மெஷின் இல்லாம எப்படிச் சம்பாதிப்பீங்க? ஃப்ரிட்ஜை வச்சு நான் என்ன பண்றது?" ரூஃபினா துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். "பள்ளியில லிம்பருக்கு இருபத்திரண்டு இருக்கில்ல?"

படியில் உட்கார்ந்திருந்த லிம்பர் தலையைத் தூக்கினான்.

"அது பணமில்ல சித்தி. திருப்பித் தர மாட்டாங்க. கேட்டாச்சு."

"திருப்பித் தர மாட்டாங்க. இன்னொருத்தன் பேருக்கு மாத்தித் தருவாங்களாமே. நான் நேத்து போய்க் கேட்டேன். நீ கையெழுத்துப் போடணும்."

"நேத்து போனியா? என்கிட்ட சொல்லாமயா?"

"இப்ப சொல்றேன்."

"சித்தி, அது என்னோடது. உடம்புச் சான்று வாங்கிட்டேன்னா, பெட்ரோல் வந்துச்சுன்னா, இருபத்திரண்டும் பறந்துருவேன். அப்புறம் நாற்பத்தேழுதான்."

"நாற்பத்தேழுக்கு?"

அவன் ட்ரூஃபி சாவியை விரலில் சுற்றினான். "பார்த்துக்கலாம்."

"உங்கப்பாவும் அம்மாவும் ஒரு வருஷமா அதைத்தான் சொன்னாங்க."

"லிம்பர்" என்றார் ஆபெல். மேலே ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை லிம்பர் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனான். அன்றைக்கு வேறு ஆளை ஏற்றவில்லை. விமான நிலைய வேலியோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு விட்டுடு சித்தி. இருபத்தொண்ணு வித்துக்க. ஒரு மணி நேரம் எனக்கு. பயிற்சியாளரோட பின்னாடி உட்கார்ந்தாவது போயிட்டு வந்துடறேன்."

இப்போது வரும் மாணவர்களிடம் மணிக்கு இரண்டாயிரத்து நூறு கேட்கிறார்கள் என்று ரூஃபினாவுக்குத் தெரியும். கொஞ்சம் குறைத்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் போகும். கில்யாகோய்யோ சாலையில் பார்த்து வைத்திருந்த அறைக்கு அது மூன்று மாத வாடகை. மனசுக்குள் இரண்டையும் வைத்துப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். அன்றைக்கு முட்டை உடைத்த உச்சந்தலையில் முடி வெட்டாமல் வளர்ந்திருந்தது.

"இல்ல" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். உள்ளே போய் அலுவலகக்காரி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். வாங்குபவர் பெயருக்கான இடம் காலி. வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான்.

ரூஃபினா பள்ளியின் வாசலில் நின்றாள். சந்தையில் கீரைக்காரி நிற்பதுபோல, வருகிறவர் முகத்தைப் பார்த்து நின்றாள். மகனைக் கூட்டிவந்த அப்பா ஒருவர் விலையைக் கேட்டுவிட்டு, திருட்டு மணியா என்றார். இன்னொருவர் இத்தனை வேண்டாம், ஐந்து தருவாயா என்றார். "மொத்தமாத்தான்" என்றாள். பதினொரு மணிக்கு சாந்த குரூஸ் நகரத்துப் பேச்சு பேசும் ஓர் அம்மா, புதுச் சட்டை போட்ட மகனோடு காரிலிருந்து இறங்கினாள். கோழிப் பண்ணைக்காரி. விவரமானவள்.

"மணி என்ன விலை?"

"ரெண்டாயிரம். உள்ள ரெண்டாயிரத்து நூறு சொல்வாங்க. பெட்ரோல் வந்தா கட்டி வச்சிருக்கறவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. உள்ள கேட்டுக்கங்க."

அந்த அம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "ஆயிரத்து எழுநூறு."

"ஆயிரத்து எழுநூறுக்கு நடந்துதான் போகணும்."

"ஏன் விக்கறே? பையன் விழுந்துட்டானா?"

"இல்ல. வண்டி ஓட்டறான்."

"ஆயிரத்து எண்ணூறு."

"ஆயிரத்துத் தொள்ளாயிரம். இதுக்குக் கீழ வேற ஆளைப் பாருங்க."

அந்த அம்மா மகனைப் பார்த்தாள். அவன் வேலிக்குள்ளே செஸ்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. ஆனா இருபத்திரண்டு மணி மொத்தமா எடுக்கறேன். கொசுறு என்ன தர்றே?"

கொசுறு கேட்காமல் அந்த ஊரில் எவரும் ஒரு கட்டு வெங்காயம்கூட வாங்க மாட்டார்கள். அது நியாயமான கேள்விதான். ரூஃபினா கைப்பையைத் திறந்தாள். ஒத்தி ஒப்பந்தம், வக்கீல் கொடுத்த ரசீது, ஊசிப் பெட்டி, அதற்கடியில் தட்டான் கொடுத்த நீலப் பெட்டி. சாமான் கட்டத் தொடங்கியபோது இவற்றையெல்லாம் அந்தப் பைக்குள் போட்டிருந்தாள். நீலப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

அந்த அம்மா திறந்து பார்த்தாள். "வெள்ளியா?"

"வெள்ளி. மேல முலாம்."

"பின்னாடி ஏதோ எழுத்து இருக்கே."

"சட்டை மேல குத்தினா தெரியாது."

மகன் வாங்கித் தன் புதுச் சட்டையில் வைத்துப் பார்த்தான். "நல்லா இருக்கும்மா" என்றான். அம்மா காரிலிருந்து பணப் பையை எடுத்தாள். உள்ளே போய்ப் பெயரை எழுதி முத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். நாற்பத்தோராயிரத்து எண்ணூறு பொலிவியானோ. ரூஃபினா அதைக் காரின் மேல் வைத்து இரண்டு முறை எண்ணினாள். அந்த வாரம் அஞ்சலகத்துக்கு எதிரே டாலர் பதினான்கு. மூவாயிரம் டாலருக்குப் பதினைந்து குறைவு. ரூஃபினா ஒத்திக்குக் கொடுத்தது இருபதாயிரம்.

வண்டிக்குத் திரும்பினாள். லிம்பர் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்திருந்தான்.

"எவ்வளவுக்கு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

"இன்னும் கேட்டிருக்கலாம்" என்றான். பிறகு சாவியைத் திருகினான்.

கில்யாகோய்யோ சாலை அறைக்கு அவள் சாமான்களை அவன்தான் கொண்டுபோய் இறக்கினான். கட்டிலைத் தனியாகத் தூக்கினான். நெல்வாவும் ஆபெலும் நெல்வாவின் தம்பி வீட்டு மாடிக்குப் போனார்கள். ரூஃபினா வாசலில் "ஊசி போடப்படும், ரத்த அழுத்தம் பார்க்கப்படும்" என்று அட்டை தொங்கவிட்டாள். முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஒன்பது. பெர்கமோவில் ஒரு பழைய முதலாளியின் மகளுக்குத் தொலைபேசியில் பேசினாள். ஆள் தேவைப்பட்டால் சொல்வதாக அவள் சொன்னாள். தன் குரல் கெஞ்சவில்லை என்பதை ரூஃபினா கவனித்தாள். மளிகை கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஊசி மருந்து வாங்க நகரத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கையைக் காட்டி நிறுத்திய ட்ரூஃபியில் லிம்பர் இருந்தான். பின்னால் நான்கு பேர். முன் இருக்கை காலி. ஏறி உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கே சித்தி?"

"இருக்கேன். அம்மாவுக்குப் பிரஷர்?"

"நூத்தி அறுபது."

"மாத்திரை சாப்பிடறாங்களா?"

"ஞாபகம் வந்தா."

அவன் பெல்ட் நகைச்சுவையைப் பயணிகளுக்குச் சொல்லவில்லை. அவள் இருந்ததாலா, விட்டுவிட்டானா, தெரியவில்லை. விமான நிலையச் சாலை வளைவில் ஒரு செஸ்னா தாழ்வாக வந்து வேலியைத் தாண்டியது. பெட்ரோல் வந்த வாரம் போலிருக்கிறது. பின்னால் இருந்த ஒருவர் குனிந்து பார்த்தார். லிம்பர் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

அவள் தெருமுனை வந்தது. ரூஃபினா கைப்பையைத் திறந்து ஐந்து பொலிவியானோ நாணயத்தை நீட்டினாள். அவன் ஒரு கணம் அதைப் பார்த்தான். வாங்கிக்கொண்டான். டப்பாவில் துழாவி இரண்டரையை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"மீதி சித்தி."

அவள் சரிபார்த்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அறை வாசலில் ஒரு கிழவர் மருத்துவச் சீட்டோடு காத்திருந்தார்.